எழுத்துக் கூட்டி வாசியுங்கள், ஹஜ்ரத்!

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில், அய்யம்பேட்டையைத் தாண்டிச் சற்று உள்ளே ஒதுங்கி இருக்கிறது எங்கள் சிற்றூர். சுற்றிலும் நெல்வயல்கள், ஊருக்கு அருகே குடமுருட்டி ஆறு. பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருகிறேன். கல்லூரியில் நான் படித்தது வரலாறு. மன்னர்கள் ஆண்ட ஆண்டுகளைக் கேட்டால் இன்றும் தடுமாறாமல் சொல்வேன். இயந்திரங்கள் என்றால் மட்டும் எனக்கு என்றுமே ஓர் அச்சம். வீட்டில் மின்விசிறி நின்றுபோனால், பழுது பார்ப்பவர் வரும் வரை அதன் கீழேயே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான்.

அப்படிப்பட்ட ஒருவன், லினக்ஸ் ஏற்றிய மடிக்கணினி ஒன்றில் வைஃபை அட்டையை இயங்கச் செய்த கதையை எழுதப் புகுந்தால், என்னை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த மூன்று இரவுகளில் நான் கற்றது கணினியைப் பற்றி மட்டுமாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

படிக்கட்டில் ஒரு கல்லூரி

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது யாருக்கும் மறந்திருக்காது. பள்ளிவாசலின் கதவு அடைக்கப்பட்டது. மதரஸாவில் பிள்ளைகள் ஓதும் ஒலி நின்றது. ஜமாஅத்தார் தங்களால் இயன்றதைத் தந்து வந்தார்கள். ஆயினும் சம்பளம் பாதியாகிவிட்டது. அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாள், பல ஆண்டுகளுக்குப் பிறகு உரிய தேதியில் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். நோயின் அச்சத்திற்கு நடுவிலும் எங்கள் பக்கத்தில் குறுவை நடவு நடந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தது. வீட்டில்தான் வரவு இல்லை.

என் மகள் அவ்வாண்டு பிளஸ் டூ தேறினாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் பெண் அவள். தஞ்சையில் ஒரு மகளிர் கல்லூரியில் பி.காம். படிக்க இடம் கிடைத்தது. நவம்பரில் வகுப்புகள் தொடங்கின. ஆனால் அவள் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. வகுப்புகள் எல்லாம் கைப்பேசி வழியாகவே நடந்தன.

வீட்டில் தொடுதிரைக் கைப்பேசி ஒன்றுதான், அதுவும் என்னுடையது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே பள்ளத்தில் அமைந்த எங்கள் தெருவில் சிக்னல் கிடைப்பது அரிது. எங்கள் வீட்டில் அது ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம், மொட்டைமாடிக்குச் செல்லும் படிக்கட்டின் மேல்படி. மகள் அங்கேதான் உட்கார்ந்து பாடம் கேட்டாள். தலைக்கு மேல் ஒரு தகரக் கூரை. ஐப்பசி மழை சாய்வாக அடிக்கத் தொடங்கியதும் கையில் குடையும் சேர்ந்துகொண்டது. ஒரு கையில் குடை, ஒரு கையில் கைப்பேசி. குறிப்பு எழுத மூன்றாவது கைக்கு எங்கே போவாள்?

என் மச்சான் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போன பழைய மடிக்கணினி ஒன்று அலமாரியில் கிடந்தது. அதிலிருந்த விண்டோஸ் பழுதாகி வெகு காலம் ஆகியிருந்தது. பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் உபுண்டு என்னும் லினக்ஸ் வகையைப் பற்றி மகள் படித்திருந்தாள். தோழியின் அண்ணனிடமிருந்து பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் வகை ஒன்றை வாங்கி வந்து, யார் உதவியும் இல்லாமல் தானே அதில் ஏற்றிவிட்டாள். செத்துக் கிடந்த பெட்டி மறுபடி எழுந்து நின்றது. காசும் செலவில்லை.

அவள் போட்ட திட்டம் எளிமையானது. கைப்பேசியை மேல்படியில், மழை படாத மூலையில் வைத்து, அதில் ஹாட்ஸ்பாட்டை இயக்கிவிடுவது. மடிக்கணினியைக் கூடத்தில் வைத்துக்கொண்டு வைஃபை வழியாக அதனோடு இணைப்பது. பாடம் கேட்கவும் குறிப்பெழுதவும் கூடத்தில் இடம் தாராளம். எல்லாம் சரிதான், அந்த மடிக்கணினியில் வைஃபை மட்டும் வரவில்லை. அப்படி ஒன்று தன்னிடம் இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை.

கடைக்காரரின் தீர்ப்பு

மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரில் இருந்த கணினிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்தார். இரண்டு பொத்தான்களை அழுத்திப் பார்த்தார். ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். "உள்ளே இருக்கிற கார்டு செத்துப்போச்சு ஹஜ்ரத். புது கார்டு போடணும். லினக்ஸையும் எடுத்துட்டு விண்டோஸ் போட்டாத்தான் சரிப்படும். எல்லாம் சேர்த்து மூவாயிரம் ஆகும்." அந்த மூவாயிரம் அப்போது எங்களுக்கு ஒரு மாத மளிகை. மடிக்கணினியை மறுபடி பையில் சுற்றிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டில், பிள்ளைகளுக்கு நன்னியான என் தாயார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விவரம் கேட்டார். "அல்லாஹ் நாடவில்லை என்று விட்டுவிடு. பெண்பிள்ளைக்குப் பன்னிரண்டு வகுப்புப் போதாதா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தாயாரின் சொல் எனக்கு வருத்தத்தைத் தரவில்லை. உள்ளுக்குள் ஒருவித ஆறுதலையே தந்தது. கல்லூரிக் கட்டணம், பேருந்துச் செலவு, உறவினர் பேச்சு என்று எத்தனையோ கவலைகள் எனக்கு இருந்தன. படிப்பை நிறுத்தும்படி மகளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஓர் இயந்திரம் கெட்டுப்போய் அதனால் படிப்பு நின்றால், அந்தப் பழி என்மேல் வராது அல்லவா? செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட அந்த அட்டை எனக்கு நல்ல சாக்காக வந்து வாய்த்தது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள்.

செத்தது பெயர் சொல்லாது

இரண்டு நாள் கழித்துச் சென்னையிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் அழைத்தான். அங்கே ஒரு நிறுவனத்தில் கணினி வலையமைப்புப் பணியில் இருக்கிறான். மதரஸாவில் ஓதும் ஏழைப் பிள்ளைகளின் வீடுகளுக்கு அரிசி வாங்கிக் கொடுக்கப் பணம் அனுப்ப விரும்புவதாகச் சொன்னான். தன் பெயரை எங்கும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான். ஆகவே இங்கும் எழுதவில்லை.

அவன் குரலைக் கேட்டதும் எனக்கு எப்போதும் சற்றுக் கூச்சம் வரும். 2005ஆம் ஆண்டு வாக்கில், பத்து வயதுச் சிறுவனாக என்னிடம் ஓத வந்தவன். ஜீம், ஹா, கா ஆகிய மூன்று எழுத்துகளுக்கும் வடிவம் ஒன்றே. புள்ளி இருக்கும் இடமும் இல்லாமையும்தான் அவற்றைப் பிரிக்கும். அந்தப் புள்ளிகள் அவன் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. ஒரு நாள் பொறுமை இழந்து, எல்லாப் பிள்ளைகளும் கேட்க, "உன் மண்டையில் இது ஏறாது" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் முதல் அவன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். பிறகு முன்வரிசைக்கு வரவே இல்லை.

நலம் விசாரிக்கும்போது மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டான். நான் கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன்.

"கார்டு செத்துவிட்டது என்று யார் சொன்னது ஹஜ்ரத்?"

"கடைக்காரர்தான் தம்பி."

"கார்டிடம் கேட்டீர்களா?"

விளையாடுகிறான் என்று நினைத்தேன். இஷாவுக்குப் பிறகு மடிக்கணினியோடு உட்காரச் சொன்னான். அவ்வாறே அன்றிரவு மனைவியின் சாதாரணக் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தன் அருகில் மகளை வைத்துக்கொண்டு அவளையே பேசச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு மறுநாள் ஒரு தேர்வு. நோட்டை விரித்து வைத்திருந்தாள். ஆகவே பாடம் எனக்கு.

கருநிறச் சாளரம் ஒன்றைத் திறக்கச் சொல்லி, அதில் எல், எஸ், பி, சி, ஐ என்று ஐந்து எழுத்துகளைத் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடிட்டு, இரண்டு முறை என் என்னும் எழுத்தை இடச் சொன்னான். கணினிக்குள் பொருத்தப்பட்டிருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் கட்டளை அது. நான் தட்டினேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கணினி சொன்னது. மறுபடி தட்டினேன், மறுபடியும் அதே விடை.

"இடைவெளி விட்டீர்களா ஹஜ்ரத்?"

விடவில்லை. ஓர் இடைவெளிதானே என்று நினைத்துவிட்டேன். ஒரு புள்ளிக்காகப் பத்து வயதுப் பிள்ளையைக் கடிந்தவன் நான்.

இடைவெளி விட்டுத் தட்டியதும் வரிவரியாக ஆங்கிலம் ஓடியது. எனக்கு அவசரம். "ஏதோ நெட்வொர்க் என்று ஒரு வரி இருக்கிறது தம்பி, மற்றதெல்லாம் எண்கள்" என்றேன்.

அவன் அமைதியாகச் சொன்னான்: "உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்ல வேண்டாம் ஹஜ்ரத். அங்கே என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். அவசரமே இல்லை. எழுத்துக் கூட்டி வாசியுங்கள்."

கேலியாகச் சொன்னானா, இயல்பாகச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினேன். அந்த வரியின் கடைசியில், பகர அடைப்புக்குள், நான்கு குறிகள், ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு குறிகள் இருந்தன. முதல் நான்கு, அட்டையைச் செய்த நிறுவனத்தைக் குறிப்பவை. அடுத்த நான்கு, அந்நிறுவனத்தின் இன்ன அட்டை என்பதைக் குறிப்பவை என்று விளக்கினான். மனிதருக்குக் குடும்பப் பெயரும் ஆள் பெயரும் இருப்பது போல. கணினியின் உள்ளே இருக்கும் அட்டைகளுக்கெல்லாம் இத்தகைய எண் உண்டு. யூ.எஸ்.பி. துளையில் செருகும் வைஃபை கருவிக்கும் உண்டு. அதைப் பார்க்க எல், எஸ், யூ, எஸ், பி என்று தட்ட வேண்டும்.

"அது தன் பெயரைச் சொல்லிவிட்டது ஹஜ்ரத். செத்தது பெயர் சொல்லாது. கார்டு உயிரோடுதான் இருக்கிறது" என்றான்.

கூடத்தின் மூலையில் நோட்டை விரித்திருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

அடுத்து, ஆர், எஃப், கில் என்னும் கட்டளை. வைஃபை அட்டைக்கு ஏதேனும் தடை போடப்பட்டிருக்கிறதா என்று அது சொல்லும். தடையில் இரு வகை. மென்பொருளால் போட்ட தடையை ஒரு கட்டளையால் நீக்கலாம். பெட்டியில் உள்ள சுவிட்சால் போட்ட தடையைக் கையால்தான் நீக்க வேண்டும். எங்களுடையது இரண்டாவது வகை. முன்விளிம்பில் விரல்நுனி அளவில் ஒரு தள்ளுவிசை இருந்தது. இத்தனை ஆண்டுகளாக அதை ஒரு வேலைப்பாடு என்றே நினைத்திருந்தோம். அலமாரியில் ஏற்றி இறக்கியபோது எப்போதோ அது நகர்ந்திருக்கிறது. மகள் வந்து அதைத் தள்ளினாள். தடை நீங்கியதாகத் திரை சொன்னது. ஆனால் வைஃபை வரவில்லை. அதே நேரத்தில் மின்சாரமும் போய்விட்டது. நிவர் புயலை எதிர்நோக்கி மாவட்டமே விழித்திருந்த வாரம் அது. பழைய மடிக்கணினியில் பேட்டரியும் பெயருக்குத்தான். அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது.

சாவி யார் கையில்?

நவம்பர் 25ஆம் நாள் இரவு புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. எங்கள் பகுதிக்குப் பெருஞ்சேதம் இல்லாமல் அல்லாஹ் காத்தான். மின்சாரம் சீரான பிறகு மறுபடி உட்கார்ந்தோம். கணினி எழும்போது தனக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்புகளைப் பார்க்கும் கட்டளையைச் சொன்னான்: டி, எம், இ, எஸ், ஜி. நூற்றுக்கணக்கான வரிகள். அவற்றுள் வைஃபை தொடர்பான வரிகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் வழியையும் சொன்னான். எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஃபர்ம்வேர் என்னும் கோப்பு ஒன்றைத் தேடியதாகவும், அது கிடைக்கவில்லை என்றும் அட்டை தன் வாயாலேயே சொல்லியிருந்தது. ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்க ஆள் இல்லை.

"ஃபர்ம்வேர் என்றால் என்ன தம்பி?" என்று கேட்டேன். அன்று அவன் சொன்னது நீண்ட பாடம். வரலாற்று மாணவனான எனக்கு அங்கேதான் ஆர்வம் பிறந்தது.

ஒரு கருவியைக் கணினி நடத்த வேண்டுமானால், அக்கருவியின் மொழி தெரிந்த ஒரு நிரல் நடுவில் வேண்டும். அதை டிரைவர் என்கிறார்கள். வைஃபை அட்டைகள் பலவற்றிற்கு அது மட்டும் போதாது. அட்டையே ஒரு சிறு கணினி. அதன் உள்ளிருந்து இயங்கும் நிரல்தான் ஃபர்ம்வேர். கணினி எழும்போதெல்லாம் டிரைவர் அந்தக் கோப்பை எடுத்து அட்டைக்குள் ஏற்ற வேண்டும். எங்கள் பகுதி விவசாயிகளுக்குச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம்: வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து நிற்கிறது, மதகும் பழுதில்லை, லஸ்கரும் வந்துவிட்டார், ஷட்டரைத் திருகும் சாவி மட்டும் அவர் கையில் இல்லை. வயல் காய்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவர் மதகு கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவார்.

சாவி ஏன் இல்லை? அட்டையைச் செய்யும் நிறுவனங்களில் பல, தங்கள் அட்டை எவ்வாறு இயங்குகிறது என்பதை வெளியே சொல்வதில்லை. விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் செய்து கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் நெடுநாள் இருந்தது. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களைச் செய்பவர்களோ, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்னும் கொள்கையுடையவர்கள். மூடிய கோப்பைத் தங்கள் தொகுப்பில் சேர்ப்பதா என்பது அவர்களுக்கு ஒரு கொள்கைச் சிக்கல். டெபியன் என்னும் புகழ்பெற்ற லினக்ஸ் தொகுப்பு, 2011ஆம் ஆண்டு வெளியான தன் 6ஆம் பதிப்பில் இத்தகைய கோப்புகளைப் பிரித்துத் தனியே வைத்தது. வேண்டுபவர் தனியே எடுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் பென் டிரைவில் இருந்த வகையும் அவ்வழியில் வந்ததே.

கட்டற்ற மென்பொருள் இயக்கமே இப்படி ஒரு கருவியின் பூட்டிலிருந்து பிறந்தது என்று அவன் சொன்னபோது வியப்படைந்தேன். 1980ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்திற்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், அது சிக்கும்போது காத்திருப்பவர்களுக்குத் தகவல் தரும்படி நிரலைத் திருத்த விரும்பினார். பழைய அச்சுப்பொறியில் அவ்வாறு செய்திருந்தார். புதியதன் மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் நேரில் போய்க் கேட்டார். பிறருக்குக் கொடுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்டால்மன் உள்ளத்தில் தைத்தது. 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருநிரல் அதனோடு சேர்ந்தது.

வைஃபை அட்டைகளிலும் இதே கதைதான் நடந்தது. 1997இல் வைஃபைக்கான முதல் பொதுத்தரம் வெளிவந்தது. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் பெறாமல் பயன்படுத்த 2005ஆம் ஆண்டு ஜனவரியில் மைய அரசு வழி செய்தது. வீடுகளுக்கு வைஃபை பரவ அது உதவியது. அந்தக் காலத்தில் மடிக்கணினிகள் பலவற்றில் பிராட்காம் நிறுவனத்தின் சில்லுகள் இருந்தன. அவற்றிற்கு லினக்ஸ் டிரைவர் இல்லை. தன்னார்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு, அந்நிறுவனத்தின் மூடிய டிரைவரை ஆராய்ந்து சில்லு எவ்வாறு நடந்துகொள்கிறது என்று எழுதி வைத்தது. மற்றக் குழு, அந்த டிரைவரைக் கண்ணால் பாராமல், எழுதி வைத்த குறிப்பை மட்டும் படித்துப் புதிதாக ஒரு டிரைவரை எழுதியது. பிறர் எழுதியதைத் திருடினார்கள் என்னும் பேச்சு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பிரிவினை. 2006இல் அது லினக்ஸ் கருநிரலில் சேர்ந்தது. 2008இல் அத்தரோஸ் நிறுவனம் தன் புதிய அட்டைகளுக்குத் தானே திறந்த டிரைவரை வெளியிட்டது. 2010இல் பிராட்காமும் தன் புதிய சில்லுகள் சிலவற்றிற்கு அவ்வாறே செய்தது. சம்பளம் வாங்காத சிலர் இரவு விழித்து எழுதியது, பெருநிறுவனங்களின் மனத்தையும் மெல்ல மாற்றியிருக்கிறது.

ஓதுவதில் ஒரு வரியைக் கற்றவன் அதை அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுக்க மறுத்தால், நம் மதரஸாக்கள் என்றோ பாழடைந்திருக்கும். கணினி உலகிலும் இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வலைக்குள் நுழைய ஒரு வலை

மூன்றாம் இரவு வேலை. வேண்டிய கோப்பின் பெயர் தெரிந்துவிட்டது. அது இணையத்தில் இருக்கிறது. இணையத்தை அடையவோ அந்தக் கோப்பு வேண்டும். கிணற்றுக்குள் விழுந்த வாளியை எடுக்க அதே வாளியைத் தேடுவது போன்ற நிலை. இதற்கு இரண்டு வழிகள் சொன்னான். வேறொரு கணினியில் கோப்பை இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவருவது ஒன்று. கைப்பேசியைச் சார்ஜ் செய்யும் கம்பியால் மடிக்கணினியோடு பிணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் யூ.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்குவது மற்றொன்று. பெரும்பாலான லினக்ஸ் வகைகள் இதைத் தனி டிரைவர் இல்லாமலே ஏற்றுக்கொள்ளும். கம்பிக்கு ஒரு முழ நீளம்தான் என்பதால், மடிக்கணினியோடும், அதன் மின்கம்பியை நீட்டிக்கும் பெட்டியோடும் நானும் மகளும் படிக்கட்டின் மேல்படிக்கே போனோம். மனைவி குடை பிடித்து நின்றார்.

தொகுப்பு எங்கிருந்து மென்பொருளை எடுக்க வேண்டும் என்று குறித்திருக்கும் பட்டியலில், நான்-ஃப்ரீ என்னும் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னான். இங்கே ஃப்ரீ என்பது விலையின்மையைக் குறிக்கவில்லை, சுதந்திரத்தைக் குறிக்கிறது என்று மகள் எனக்கு விளக்கினாள். பூட்டிய கோப்புகள் அந்தப் பகுதியில் இருக்கின்றன. பட்டியலைப் புதுப்பித்து, எங்கள் அட்டைக்குரிய ஃபர்ம்வேர் தொகுப்பை ஏற்றினோம். சில நிமிடங்களில் வந்து சேர்ந்தது. பிறகு மோட்புரோப் என்னும் கட்டளையால் டிரைவரை ஒரு முறை வெளியே எடுத்து மறுபடி உள்ளே விட்டாள்.

திரையின் மூலையில் விசிறி போன்ற சின்னம் ஒன்று தோன்றியது. அதைத் தொட்டதும் ஒரு பட்டியல் விரிந்தது. அதில் இரண்டே பெயர்கள். ஒன்று யாருடையதோ, மற்றொன்று எங்கள் கைப்பேசியுடையது. கம்பியை உருவினாள், கடவுச்சொல்லைத் தட்டினாள், இணைந்தது. "அத்தா, நீங்கள் இங்கேயே இருங்கள்" என்று சொல்லிவிட்டு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். ஒவ்வொரு படியிலும் நின்று பார்த்துப் பார்த்து இறங்கினாள். கூடத்திலிருந்து, "இருக்கிறது அத்தா! இங்கேயும் இருக்கிறது!" என்று குரல் வந்தது. திண்ணையில் இருந்த என் தாயார், "என்னடி அது?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போய் அவள் அருகில் உட்கார்ந்தார்.

மேல்படியில் நான் மட்டும் இருந்தேன். கைப்பேசியில் அவன் இன்னும் காத்திருந்தான். இத்தனை ஆண்டுகள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட நினைத்தேன். "தம்பி, நீ சிறுபிள்ளையாக ஓத வந்தபோது, ஒரு நாள் உன்னைப் பார்த்து நான் ஒரு சொல் சொன்னேன்..." என்று தொடங்கினேன்.

சற்று நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "அதெல்லாம் எதற்கு ஹஜ்ரத். கணினியை ஒரு முறை நிறுத்திவிட்டு இயக்கச் சொல்லுங்கள். தானாகவே மறுபடி இணைகிறதா என்று பார்க்க வேண்டும்" என்றான்.

இணைந்தது.

அலமாரியில் கிடக்கும் பெட்டி

அவ்வகையில் முதலாண்டு முழுவதும் என் மகள் கூடத்தில் உட்கார்ந்தே படித்தாள். 2023இல் பட்டம் பெற்றாள். அவள் தங்கை முறையாகும் பெண்கள் இருவர் இப்போது கல்லூரியில் இருக்கிறார்கள். என் தாயார் அவர்களுடைய பெற்றோரிடம், "எங்கள் வீட்டில் படிக்க வைத்தோமே" என்று சொல்வதை நான் கேட்டதுண்டு. கேட்டும் கேளாதவன் போல நகர்ந்துவிடுவேன். அந்த மடிக்கணினி இன்று மதரஸாவின் அறையில் இருக்கிறது. அதே அட்டைதான்.

உங்கள் இல்லங்களிலும் இப்படி ஒரு பெட்டி கிடக்கலாம். தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை பல வீடுகளில் உள்ளன. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்ததால், இன்னும் பல பெட்டிகள் அலமாரிக்குப் போகும். எறிவதற்கு முன் ஒரு முறை லினக்ஸை ஏற்றிப் பாருங்கள். ஃபர்ம்வேர் தொல்லையும் இப்போது குறைந்துவிட்டது. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து, அக்கோப்புகளைத் தங்கள் தொகுப்போடு சேர்த்தே தரலாம் என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பு முதல் அவை உள்ளேயே இருக்கின்றன.

அப்படியும் வைஃபை வரவில்லை என்றால், வரிசையாகக் கேளுங்கள். அட்டை தன் பெயரைச் சொல்கிறதா? தடை ஏதும் போடப்பட்டிருக்கிறதா? டிரைவர் அதை ஏற்றுக்கொண்டதா? ஃபர்ம்வேர் கிடைத்ததா? கடைசியாக ஒன்று: பழைய அட்டைகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்திருந்தால் அவற்றின் கண்ணுக்கு அது படாது. இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை கேட்ட பிறகும் அது பேசவில்லையானால், அப்போது கடைக்குப் போகலாம்.

மதரஸாவில் இப்போதும் புள்ளிகளைக் குழப்பும் பிள்ளைகள் வருகிறார்கள். நாவின் நுனி வரை வரும் சொல்லை விழுங்கிக்கொள்கிறேன். "அவசரமில்லை, எழுத்துக் கூட்டி வாசி" என்கிறேன். சில பிள்ளைகளுக்கு ஒரு மாதம் ஆகிறது, சிலருக்கு ஓராண்டு. அவர்களுக்குள் எந்தக் கோப்பு கிடைக்காமல் நிற்கிறது என்று தேடிப் பார்ப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள்! கல்வியைப் பூட்டி வைக்காத உள்ளத்தையும், தீர்ப்புச் சொல்வதற்கு முன் கேட்டறியும் பொறுமையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.